நாலோடு நின்ற பால்

தேவகனி பி.ஏ. டம்ளரை எறிந்த கதை தெரியாத ஆள் நாகர்கோவில் சபைகளில் ரொம்பக் குறைவு. பரப்பியது அவள் இல்லை, அவள் புருஷன் நேசையன். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

நடந்தது இவ்வளவுதான். திருவனந்தபுரத்தில் படிக்கும்போது, கூடப்படித்த ஒருத்தி நாலு பெண்களைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். எல்லோருக்கும் காப்பி வந்தது. குடித்து முடித்ததும் அந்த வீட்டம்மாள் தேவகனியை மட்டும் பார்த்து, "டம்ளரைக் கழுவிக் கவுத்தி வச்சிட்டுப் போ மக்களே" என்றாள். மற்ற மூன்று பேரிடம் சொல்லவில்லை. பனையேறி ரசலையன் மகளான தேவகனியிடம்தான் சொன்னாள். தேவகனி டம்ளரை முற்றத்தில் விட்டெறிந்துவிட்டு நடையைக் கட்டினாள்.

நேசையன் சொல்லச் சொல்ல அந்த டம்ளர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் தூரம் போய் விழும். முதலில் தென்னைமூடு. பிறகு மதில். தொடுவெட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கித் தேங்காய்ப்பட்டணத்துக்கு மாட்டு வண்டி ஏறிய அன்று, அது மதிலையும் தாண்டித் தெருவில் போன நாயின் மேல் பட்டது.

"நாய் செத்துப் போச்சா சாரே?" என்று வண்டிக்கார யாக்கூப் கேட்டார்.

"சாகல்ல. நொண்டிட்டு ஓடிச்சு."

"உள்ளதா டீச்சரம்மா?"

தேவகனி சிரித்தாள். மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது? நாய் பொய்யாக இருக்கலாம், டம்ளர் மெய்தானே.

அது மே மாதம், தேவகனி பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. தேவகனிக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல் கண்டு, பன்னிரண்டாம் நாளே பால் வற்றிப்போனது. பிள்ளை சுந்தரராஜுக்கு இப்போது ஐந்து மாதம். டப்பாப் பால் மாவும் கண்ணாடிப் புட்டியுமாக வளருகிறான். கடல் காற்றுப் பட்டால் உடம்பு தேறும் என்று டாக்டரம்மா சொன்னாள். நேசையனுடைய கூட்டாளி, கோட்டாற்றுக் கடைக்காரர் கமருதீனுக்குத் தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு பழைய வீடு பூட்டிக் கிடந்தது. வியாழனும் வெள்ளியும் தங்கிவிட்டுச் சனிக்கிழமை காலையில் திரும்புவதாக ஏற்பாடு.

புறப்படும்போது மாமியார் எலிசா பெட்டிக்குள் பித்தளைப் பாலாடை ஒன்றை வைத்தாள். மூக்கு நீண்டு, பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாகப் பால் விடுகிற சாமான். தேவகனி அதை வெளியே எடுத்து வைத்தாள்.

"ரெண்டு தலைமுறைப் பிள்ளைய அதுலதான் குடிச்சுது" என்றாள் எலிசா. "ஒண்ணுக்கும் ஒண்ணும் வரல்ல."

"வரல்லயா? எத்தனை செத்துதுன்னு எண்ணிப் பாத்தியளா அத்தை?"

எலிசாவுக்குச் செத்தது இரண்டு. அவள் பாலாடையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். படித்தவள் சொன்னால் அது உண்மைதானே, உண்மைக்கு என்ன தாட்சண்யம் என்று தேவகனி பெட்டியைப் பூட்டினாள். டாக்டரம்மா இரவல் கொடுத்த பிள்ளை வளர்ப்புப் புத்தகம் பெட்டியில் மேலாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் மருந்துச் சோப்பு, சிவப்புக் கட்டி.

வீட்டைத் திறந்து பெருக்கி வைத்திருந்தவள் பல்கீஸ் பீவி. யாக்கூப்பின் தம்பி மனைவி. புருஷன் கொழும்பில். தேவகனி வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு குறைந்தாலும் குறையும். இடுப்பில் ஆறு மாதப் பெண் குழந்தை சைனப். ஆற்றோரத்தில் தேங்காய் மட்டையான கதம்பையை அழுகப்போட்டுத் தட்டிக் கயிறு திரிக்கிற வேலை அவளுக்கு. அழுகிய கதம்பையின் நாற்றம் இருக்கிறதே, எத்தனை முழுக்குப் போட்டாலும் உடம்பை விட்டுப் போகாது. அவள் வந்து நின்றதும் தேவகனி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பல்கீஸ் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு தேவகனியையே பார்த்தாள்.

"டம்ளரை எறிஞ்ச டீச்சரம்மா நீங்கதானா? வண்டியை விட்டு இறங்குன உடனே வண்டிக்கார மச்சான் சொன்னாரு. எம்மாடி! எனக்கு அந்தத் தைரியம் வராது. நானாயிருந்தா கழுவி வச்சிட்டு வந்து வீட்டுல இருந்து அழுதிருப்பேன்."

"அழக்கூடாது. எறியணும்" என்றாள் தேவகனி.

"எறியணும்" என்று பல்கீஸும் பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் குழந்தையிடம், "கேட்டியாட்டி? எறியணும்" என்றாள்.

மத்தியானம் பிள்ளை ஒரு புட்டி குடித்துவிட்டுத் தூங்கினான். தேவகனி புட்டியையும் ரப்பர் காம்பையும், மாற்றுக்கென்று வைத்திருந்த இன்னொரு காம்பையும் பானைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். இருபது நிமிடம் கொதிக்க வேண்டும் என்பது புத்தகம். ஊர் தெரியாத ஊர், தண்ணீர் தெரியாத தண்ணீர். நாற்பது நிமிடம் கிடக்கட்டும் என்று அவளாகவே கூட்டிக்கொண்டாள். பிள்ளை விழித்ததும் அவனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருமாகக் கடலைப் பார்க்கப் போனார்கள்.

ஆறு கடலில் விழுகிற இடம். அலை ஒன்று வந்து காலை நனைத்ததற்குப் பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரித்தான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் புருஷனோடு அவள் வெளியே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. நிமிடத்தை யார் பார்த்தார்கள்?

திரும்பி வந்தபோது வாசலிலேயே ரப்பர் தீய்ந்த மணம் அடித்தது. பானை வறண்டு, காம்பு இரண்டும் கரியாகி அடியில் ஒட்டிக் கிடந்தன. புட்டி நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது.

"சவத்த..." என்றான் நேசையன். அதற்கு மேல் பேசவில்லை. அவளுடைய முகம் அப்படி இருந்தது.

காம்பு வாங்க நாகர்கோவிலுக்குத்தான் போகவேண்டும். அன்றைக்குப் போய்த் திரும்ப வண்டி கிடையாது. மாவைக் கரைத்துக் கரண்டியில் ஊட்டினாள். சப்பிக் குடித்துப் பழகின பிள்ளை, கரண்டியைக் கண்டதும் நாக்கால் தள்ளியது. ஊற்றினால் புரையேறிற்று. துணியை நனைத்து வாயில் வைத்துப் பார்த்தாள், கடித்துத் துப்பினான். நாலு மணிக்கு ஆரம்பித்த அழுகை. ஆறு மணிக்குச் சத்தம் கம்மி, கிழிந்த துணி மாதிரி ஆயிற்று. பாலாடை இருந்திருந்தால் என்று நேசையன் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவளுக்குக் கேட்டது.

பல்கீஸ் வாசலில் வந்து நின்றாள்.

"பிள்ளை ஏன் இப்படிக் கெடந்து நெலவிளிக்குது? சாரே, கொஞ்சம் அப்புறம் போங்கோ. டீச்சரம்மா, இங்க தாங்கோ பொடியனை. எனக்கு ரெண்டு பிள்ளைக்கு உள்ள பால் உண்டும்."

நேசையன் வெளியே போனான். பல்கீஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். கதம்பை நாற்றம் அறைக்குள் வந்தது. தேவகனி பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"கழுவிட்டு வா" என்றாள்.

"கை கழுவிட்டுத்தான் வந்தேன்."

"கையில்ல. மாரை. சோப்புப் போட்டு."

பல்கீஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு, "செரி" என்று எழுந்தாள். பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டுத் தேவகனி சிவப்புச் சோப்பையும் மூக்கு வைத்த கிண்டியில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கொல்லைப்புறத்தில் மறைப்புக்குள் பல்கீஸ் குனிந்து நின்றாள். சோப்பைத் தேவகனி அவள் கையில் கொடுக்காமல் கல்லின் மேல் வைத்தாள். அவள் எடுத்துத் தேய்த்தாள். தேவகனி கிண்டியைத் தூக்கி, அதன் வாய் அவள் மேல் பட்டுவிடாமல் உயரத்திலிருந்து தண்ணீர் விட்டாள்.

"இன்னொரு தடவை."

இரண்டாம் தடவை ஊற்றும்போதுதான் தன் கையைப் பார்த்தாள்.

எட்டு வயதில் அப்பனோடு ஆரல்வாய்மொழிக்குப் போன வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தல். பானைக்காரன் மற்றவர்களுக்குச் செம்பில் கொடுத்தான். இவர்களைக் கண்டதும் மூங்கில் குழாயை எடுத்தான். குழாயின் ஒரு முனையில் அவன் ஊற்ற, மறு முனையில் ரசலையன் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தான். பனையில் ஏறினால் ஊரையே குனிந்து பார்க்கிற மனிதன். அன்று அவனுடைய முதுகு வளைந்திருந்த மாதிரி இன்றைக்கும் அவளுக்குக் கண்ணில் நிற்கிறது. இங்கே குழாய் இல்லை, கிண்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

கிண்டியைத் தாழ்த்தியிருக்கலாம். போதும் என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் தீரும்வரை உயரத்திலிருந்தே ஊற்றினாள்.

பல்கீஸ் வந்து உட்கார்ந்து பிள்ளையை வாங்கினாள். சுந்தரராஜ் இரண்டு தரம் முகத்தைத் திருப்பிவிட்டு மூன்றாம் தரம் கவ்விக்கொண்டான். அப்புறம் அறையில் அவன் விழுங்குகிற சத்தம் மட்டும்தான்.

"கள்ளப்பயலே, பய்யக் குடி. யாரும் பறிக்கமாட்டா" என்றாள் பல்கீஸ். நிமிர்ந்து சிரித்தாள். "டீச்சரம்மா, எங்க மார்க்கத்துல ஒண்ணு உண்டு. ஒரு பிள்ளை ஒருத்திக்கிட்ட அஞ்சு தடவை வயிறு நெறயக் குடிச்சா, அவ அவனுக்கு உம்மாதான். பெத்தவ மாதிரி. எனக்க மோளும் உங்க மோனும் ஒரு பால் ஆயிருவாங்க. பொறவு எனக்க மோளைப் பொண்ணு கேட்டு வந்துராதீங்கோ, கேட்டியளா?"

"நான் வரமாட்டேன்" என்றாள் தேவகனி. வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தாள். குரல் வேறு மாதிரி வந்தது.

"ஒண்ணு" என்று பல்கீஸ் பிள்ளையின் முதுகைத் தட்டினாள்.

இரண்டாவது, அன்றைக்கே படுக்கப்போகும் முன். மூன்றாவது, வெள்ளிக்கிழமை விடியற்காலையில், நேசையன் காம்பு வாங்க நாகர்கோவிலுக்குப் புறப்பட்ட கையோடு. ஒவ்வொரு தடவையும் பல்கீஸ் நேரே கொல்லைப்புறத்துக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை. கல்லின் மேல் இருந்த சோப்பை எடுத்துத் தேய்த்து, தானே தண்ணீர் மொண்டு ஊற்றிக் கழுவிவிட்டு, ஈரத்தை ஒற்றிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினாள். தேவகனிக்கு "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை வாய்வரை வரும். வந்தால் கூடவே மற்றதும் வரவேண்டும். "ஏன் வேண்டாம், நேத்து ஏன் வேணும்?" என்று அவள் கேட்டால்? சபை மேடையில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிற வாய், ஒரு வார்த்தைக்குத் திணறியது.

நாலாவது, வெள்ளிக்கிழமை முன்பகலில். "நாலு" என்றாள் பல்கீஸ். "இன்னும் ஒண்ணு. பொறவு நீங்க நாகர்கோவில்ல இருந்தாலும் செரி, லண்டன்ல இருந்தாலும் செரி, இவன் எனக்க மோன். பெருநாளைக்கு உடுப்பு தைச்சுக் குடுத்தனுப்புவேன்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் விளையாட்டும் இருந்தது, விளையாட்டு இல்லாததும் இருந்தது. தேவகனிக்கு அந்த ஐந்தாவது வேண்டும் என்று தோன்றியது. கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். உறவாகிவிட்டால், உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர் எங்கே நிற்கும்? வடிந்துபோகும். இப்படித்தான் நினைத்தாள், பி.ஏ. படித்தவள்.

சாயங்காலம் நேசையன் புதுப் புட்டியும் காம்புமாக வியர்த்து வடிந்து வந்து சேர்ந்தான். பொட்டலத்தைப் பிரிக்கப் போனவனை, "அவசரம் இல்ல. கடலுக்குப் போயிட்டு வாங்க" என்று தேவகனி அனுப்பிவிட்டாள். பிள்ளை சிணுங்க ஆரம்பித்திருந்தான். பல்கீஸ் வந்தாள். கொல்லைப்புறம் போனாள். நெடுநேரமாகியும் வரவில்லை. தேவகனி போய்ப் பார்த்தாள்.

பல்கீஸ் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். தேய்ந்து பாதியாகிவிட்ட சோப்பு.

"ஒண்ணு கேக்கட்டா டீச்சரம்மா? நேத்து ராத்திரியில இருந்து கேக்கணும்னு இருக்கேன்."

"கேளு."

"சைனபுக்கு முன்ன எனக்கு ஒரு மோன் இருந்தான். யூசுப். பதினோரு மாசம். நல்லாத்தான் இருந்தான். வயித்தாலெ போயி மூணே நாளு." அவள் சோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் கதம்பைக் குழியில நின்னுட்டு அப்படியே ஓடிவந்து அவனுக்குக் குடுப்பேன். ஒரு நாளும் இப்படிச் சோப்புப் போட்டுக் கழுவினது இல்ல. யாரும் எனக்குச் சொல்லித் தரவும் இல்ல. நீங்க படிச்சவங்க, அதான் கேக்கேன். நான் கழுவாமக் குடுத்துத்தான் அவன் போயிட்டானோ?"

தேவகனி அந்தப் பாதிச் சோப்பைப் பார்த்தாள்.

இவள் நேற்று ராத்திரி முழுக்க இதைத்தான் யோசித்திருக்கிறாள். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் இதைத்தான் யோசித்திருக்கிறாள்.

"சுத்தமா இருக்கிறது நல்லதுதான்" என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. பல்கீஸ் தலையாட்டுவாள். உள்ளே வந்து ஐந்தாவது பாலைக் கொடுப்பாள். சுந்தரராஜுக்கு இன்னொரு தாய் கிடைப்பாள், பெருநாளுக்கு உடுப்பு வரும். பல்கீஸ் மட்டும் சாகும்வரை, பெற்ற பிள்ளையைத் தன் மாராலேயே கொன்றவள் என்று தன்னை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"இல்ல" என்றாள் தேவகனி. "அதுனால இல்ல. வயித்தாலெ போறதுக்கு நூறு காரணம் உண்டு. குடிச்ச தண்ணியா இருக்கும். ஈயா இருக்கும். உங்க பால் இல்ல. சத்தியமா இல்ல."

"பொறவு ஏன் என்னைக் கழுவச் சொன்னியோ? பொஸ்தகத்துல அப்படி உண்டுமில்லா?"

"இல்ல."

"இல்லயா?"

"சோப்புப் போடச் சொல்லி அதுல இல்ல. எனக்குப் பால் இருந்த பன்னிரண்டு நாளும் நான் ஒரு நாளு கூடச் சோப்புப் போட்டதில்ல. உங்க மேல கதம்பை நாத்தம் அடிச்சுது. உங்க தொழிலு, உங்க... எனக்கு அருவருப்பா இருந்துச்சு. அதுக்குத்தான் சொன்னேன். பிள்ளைக்காகச் சொன்னதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான், இந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவளிடம் "உங்க" என்று பேசியது தனக்கே தெரிந்தது. காலம் கடந்த மரியாதை.

பல்கீஸ் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்தான். இரண்டு பேருமே அசையவில்லை. கடைசியில் பல்கீஸ் சோப்பைக் கல்லின் மேல் வைத்தாள், எங்கே தேவகனி முதலில் வைத்தாளோ அங்கேயே.

"யூசுப் என்னால போகல்லன்னு சொன்னதுக்கு ரொம்ப உபகாரம்" என்றாள். "அதை நீங்க சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னியோ."

"பல்கீஸ்..."

"வந்த அண்ணைக்குச் சொன்னியோ இல்லா, அழக்கூடாது, எறியணும்னு. நான் அதை எனக்க மோளுக்கிட்டயும் சொன்னேன்." அவள் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். கதம்பை அறுத்த கோடு கோடான உள்ளங்கை. "இப்பம் நான் எதை எறியணும் டீச்சரம்மா? எனக்க கையில டம்ளர் இல்லியே."

உள்ளே பிள்ளையின் அழுகை ஏறியது.

"சாரு ரப்பர் வாங்கிட்டு வந்துட்டாரில்லா. அதுல குடுங்கோ, பொடியன் அழுகான். நாலோட நிக்கட்டும். உறவுன்னு ஆயிப்போனா நான் உங்க வீட்டுக்கு வரணும், நீங்க எனக்குக் குடிக்க வெள்ளம் தரணும். வேண்டாம். உங்களுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவகனிக்குப் பதில் பேசத் தெரிந்திருக்கும். கோபத்தோடு பேசித்தானே அவளுக்குப் பழக்கம்.

புது ரப்பரை எத்தனை நிமிடம் கொதிக்க வைத்தாளோ, அவளுக்கு நினைவில்லை. பிள்ளை அதைக் கவ்வினான், துப்பினான், தலையை இங்கும் அங்கும் திருப்பித் தேடினான். பசி முற்றியதும் குடித்தான்.

சனிக்கிழமை காலையில் பல்கீஸ் வழியனுப்ப வந்தாள். வந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வீட்டுச் சாவியை நேசையனிடம் வாங்கினாள், பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளினாள், "போயிட்டு வாடா கள்ளா" என்றாள். மோனே என்று சொல்லவில்லை. தேவகனியிடம், "சோப்பு கல்லு மேல இருந்துது. பெட்டியில வச்சிருக்கேன்" என்றாள். வண்டி கிளம்பியது.

தென்னந்தோப்பு தாண்டியதும் யாக்கூப் மாட்டைத் தட்டிவிட்டுத் திரும்பினார்.

"சாரே, போறதுக்கு முன்ன அந்த டம்ளர் கதையை ஒருக்கா பறையுங்கோ. இந்தத் தடவை அது கடல்ல போயி விழுமா?"

நேசையன் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தான். "கேளும். நாலு பொண்ணுங்களுக்கும் காப்பி குடுத்தாச்சு..."

"சொல்லாதீங்க" என்றாள் தேவகனி.

"ஏன்?"

"சொல்லாதீங்கன்னா சொல்லாதீங்க."

"உள்ள கதைதானேட்டி?"

பெட்டி மடியருகில் இருந்தது. மூடியின் இடுக்கு வழியாக மருந்துச் சோப்பின் மணம் வந்துகொண்டிருந்தது, தொடுவெட்டி வருகிறவரை.